பத்தில் ஒன்றும் பக்தியும்

விளைச்சலிலோ கால்நடையிலோ சம்பளத்திலோ பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கென்று பிரித்துக் கொடுப்பது தசமபாகம். பழைய பாபிலோனில் கோயில்களுக்கு இப்படிச் செலுத்தும் வழக்கம் இருந்தது. கிரேக்கர்கள் போரில் கிடைத்த பொருளில் பத்திலொன்றை அப்பொல்லோவுக்குப் படைத்தார்கள். யூதர்களின் வேதத்தில் அது சட்டமானது. அங்கிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்து, ஐரோப்பாவில் அரசாங்க வரியாகி, இன்று தமிழ்நாட்டில் பேராலயம் முதல் மாடி வீட்டு ஜெபக்கூடம் வரை பல சபைகளில் போதிக்கப்படுகிறது.

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குத் தசமபாகம் 1,500 ரூபாய். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பணத்தை உறையில் போட்டு எடுத்து வைக்கும் வீடுகள் ஏராளம். நன்றியோடு எடுத்து வைப்பவர்கள் உண்டு. கொடுக்காவிட்டால் வீட்டுக்குச் சாபம் வரும் என்று பயந்து எடுத்து வைப்பவர்களும் உண்டு. தொகை ஒன்றுதான், கொடுக்கும் மனம் வேறு. கொடுப்பது எப்போது விசுவாசமாக இருக்கிறது, எப்போது வரியாகவும் பேரமாகவும் கெட்டுப்போகிறது என்பதை இந்த வழக்கத்தின் நீண்ட வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

சட்டம் சொன்னது என்ன?

வேதாகமத்தில் தசமபாகம் முதலில் வருவது ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில். போரில் வென்று திரும்பிய ஆபிரகாம், சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார். யாரும் கேட்கவில்லை; சட்டமும் அப்போது இல்லை. 28ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் பேரன் யாக்கோபு பெத்தேலில் ஒரு பொருத்தனை செய்கிறார். கடவுள் தன்னைக் காத்து, உணவும் உடையும் தந்து, பத்திரமாக வீடு திரும்பச் செய்தால் பத்தில் ஒன்று தருவதாகச் சொல்கிறார். தாத்தா கொடுத்தது நன்றி. பேரன் சொன்னதில் நிபந்தனை இருந்தது. தசமபாகம் பிற்காலத்தில் போன இரண்டு வழிகளும் தொடக்கத்திலேயே தெரிகின்றன.

மோசேயின் சட்டத்தில் அது முறைப்படுத்தப்பட்டது. இஸ்ரவேலின் கோத்திரங்களில் லேவி கோத்திரத்துக்கு மட்டும் நிலப்பங்கு இல்லை. ஆசரிப்புக் கூடாரப் பணியே அவர்கள் வேலை. ஆகவே மற்றவர்களின் விளைச்சலில் பத்திலொன்று அவர்களுக்குப் போனது. லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்திலொன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. வாங்குகிறவருக்கும் கொடுக்கும் கடமை உண்டு.

சட்டம் பேசுவது தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு பற்றி. லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தின்படி, மந்தை மேய்ப்பனின் கோலுக்குக் கீழே கடந்துபோகும்போது பத்தாவதாக வருவது கடவுளுக்குரியது. நல்லதா, இளைத்ததா என்று பொறுக்கக் கூடாது. ஒன்பது குட்டிகள் மட்டுமே உள்ளவருக்குப் பத்தாவது என்று ஒன்று வரவே வராது. நிலமும் மந்தையும் இல்லாத கூலிக்காரரிடம் சட்டம் தசமபாகம் கேட்கவில்லை.

உபாகமம் 14ஆம் அதிகாரம் சொல்வது இன்னும் வியப்பானது. தசமபாகத்தை எடுத்துக்கொண்டு கடவுள் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போய், அங்கே குடும்பத்தோடு அதைச் சாப்பிட்டு மகிழ வேண்டும். வழி தூரமானால் விற்றுப் பணமாக்கி, அந்தப் பணத்தை முடிந்து எடுத்துக்கொண்டு போய், ஆடோ மாடோ திராட்சரசமோ மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம். ஊரிலுள்ள லேவியனை மறந்துவிடக் கூடாது. மூன்றாம் வருடம் தசமபாகம் முழுவதையும் ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். லேவியனும் பரதேசியும் தகப்பனற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட்டுப் போவதற்காக.

இந்தப் பகுதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த யூத ரபீக்கள், லேவியருக்கு ஒன்று, எருசலேமில் உண்பதற்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று எனத் தசமபாகங்களை வகைப்படுத்தினார்கள். ஏழு ஆண்டுச் சுழற்சியில் மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில் ஏழைகளின் பங்கு வந்தது. ஏழாம் ஆண்டு நிலம் தரிசாகக் கிடந்ததால் தசமபாகமே கிடையாது. கோயில் பணியாளரின் பிழைப்பு, குடும்பத்தின் மகிழ்ச்சி, ஏழையின் பசி ஆகிய மூன்றுக்கும் இதில் இடம் இருந்தது. இன்று பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்பது முதலாவது மட்டுமே.

பண்டசாலையில் நடந்தது

தசமபாகத்துக்கு ஆதாரமாக இன்று அடிக்கடி எடுக்கப்படும் வசனம் மல்கியா 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தசமபாகத்தில் கடவுளை வஞ்சித்தவர்கள் சபிக்கப்பட்டவர்கள், முழுவதையும் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்பது அதன் சாரம். அந்தச் சின்னஞ்சிறு புத்தகத்தை முதலிலிருந்து படித்தால், தீர்க்கதரிசியின் கோபம் முதலில் பாய்வது ஆசாரியர்கள் மீது என்பது தெரியும். குருடும் நொண்டியுமான மிருகங்களைப் பலிபீடத்தில் ஏற்றுக்கொண்டார்கள், மக்களை வழிதவறச் செய்தார்கள் என்று முதல் இரண்டு அதிகாரங்களில் அவர்களைக் கண்டிக்கிறார். பலகணி வசனத்துக்கு ஐந்து வசனங்களுக்கு முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களையும், விதவையையும் தகப்பனற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும் கடவுள் நியாயந்தீர்க்க வருவதாக எச்சரிக்கிறார். கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் பங்கு கட்டுகிறவருக்கு மல்கியா ஆசீர்வாதம் எதையும் வாக்களிக்கவில்லை.

நெகேமியா 13ஆம் அதிகாரம் பண்டசாலையின் உள்ளேயே அழைத்துப் போகிறது. தசமபாகத் தானியமும் எண்ணெயும் வைக்கும் பெரிய அறையை, எலியாசிப் என்ற ஆசாரியர் தன் உறவினரும் அரசியல் செல்வாக்குள்ளவருமான தொபியாவுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். லேவியருக்குப் பங்கு கிடைக்கவில்லை; அவர்கள் வயல் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய ஆளுநர் நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்து அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். பிறகுதான் மக்கள் தசமபாகம் கொண்டுவந்தார்கள். பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை நெகேமியா தனி ஒருவரிடம் விடவில்லை. ஓர் ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர், அவர்களுக்குத் துணையாக இன்னொருவர் என நான்கு பேரை வைத்தார். உண்மையுள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். மக்களிடம் கொடுக்கச் சொல்வதற்கு முன் கிடங்கைச் சரிசெய்த நிர்வாகம் அது.

இரண்டு காசுகள்

இயேசு தசமபாகத்தை மறுத்துப் பேசவில்லை. புதினா, சீரகம் போன்ற சின்னப் பயிர்களில்கூடக் கணக்குப் பார்த்துப் பத்திலொன்று செலுத்திவிட்டு, நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கண்டித்தார். அதையும் செய்ய வேண்டும், இதையும் விடக்கூடாது என்றார். ஆலயத்தில் ஜெபித்த பரிசேயன் தன் வருமானத்தில் எல்லாம் தசமபாகம் கொடுப்பதைக் கடவுளிடமே எடுத்துச் சொன்னான். ஆனால் நீதிமானாக வீடு திரும்பியது, தலை நிமிரவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட வரிவசூலிப்பவன்.

இன்னொரு கண்டனம் வீட்டுக்குள் வருகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, ‘இது கடவுளுக்குக் காணிக்கை’ என்று சொல்லித் தவிர்க்கும் வழக்கம் அன்று இருந்தது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு இதைக் கடவுளின் கட்டளையையே அவமாக்குவதாகச் சொல்கிறார். தாய்க்கு மருந்து வாங்காமல் மிச்சம் பிடித்த காணிக்கையை அவர் பக்தியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழை விதவையின் கதை கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். பணக்காரர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், அவளோ பிழைப்புக்கு இருந்ததையெல்லாம் போட்டாள் என்று இயேசு சொன்னார். மாற்கு இந்தக் காட்சியை எங்கே வைத்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அதற்குச் சற்று முன்னால், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். உடனே அடுத்ததாக, அந்த ஆலயத்தில் ஒரு கல்லின் மேல் ஒரு கல் நிற்காது என்கிறார். அவள் மனத்தின் மேன்மையும், அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட அமைப்பின் குற்றமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதைப் புகழ்ந்துவிட்டு இரண்டாவதை மறைப்பவர்கள் பாதிக் கதையையே சொல்கிறார்கள்.

பவுல் தன் நிருபங்களில் சபைகளுக்குத் தசமபாகம் விதிக்கவில்லை. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் அவர் பணம் சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார். வருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்க வேண்டாம் என்றார். பணத்தைக் கொண்டுபோகும்போது சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களை உடன் வைத்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்ற காரணத்தையும் எழுதி வைத்தார். தன் செலவுக்குக் கூடாரத் தொழில் செய்தார். ஆதிச் சபையின் ஒழுங்குநூலான திதாகே, பணம் கேட்கும் தீர்க்கதரிசியைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே அடையாளம் காட்டுகிறது.

காணிக்கை வரியானபோது

கிறிஸ்தவம் ஐரோப்பாவின் அரச மதமான பிறகு நிலைமை மாறியது. 585இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், தசமபாகம் கொடுக்காதவர்களைச் சபையிலிருந்து விலக்கலாம் என்று தீர்மானித்தது. 779இல் மன்னர் சார்லமேன் அதை அரச சட்டமாக்கினார். அவரிடம் போரில் தோற்று ஞானஸ்நானம் பெற்ற சாக்சன் மக்கள் மீதும் அது உடனே விதிக்கப்பட்டது. விசுவாசம் இன்னும் வேரூன்றாத மக்களிடம் தசமபாகம் வசூலிப்பதைச் சார்லமேனின் அரசவையிலேயே இருந்த அறிஞர் ஆல்குயின் 796இல் எழுதிய கடிதங்களில் கடுமையாக எதிர்த்தார். சாக்சன்களின் விசுவாசத்தைக் கெடுத்ததே இந்த வசூல்தான் என்பது அவர் கருத்து. ஆயர்களோடும் மன்னரோடும் பழகிய ஒருவர் அவர்களிடமே சொன்ன உண்மை அது.

இங்கிலாந்தில் பத்தாவது கதிர்க்கட்டு, பத்தாவது ஆட்டுக்குட்டி எனப் பொருளாகவே வசூல் நடந்தது. அதைக் குவித்து வைக்கக் கட்டிய பெரிய களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1530களில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தசமபாக உரிமை நிலப்பிரபுக்களின் கைக்குப் போனது. விவசாயி கடவுளுக்கென்று அளந்த தானியம் போதகரும் அல்லாத ஒருவரின் சொத்தானது. மனசாட்சியின் பேரில் கொடுக்க மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய மாடும் பாத்திரமும் ஜப்தி செய்யப்பட்டன.

அயர்லாந்தில் கொடுமை உச்சத்துக்குப் போனது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தசமபாகமோ அவர்கள் கால் வைக்காத ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு. 1831இல் கில்கெனி மாவட்டத்தில் தொடங்கிய மறுப்பு ‘தசமபாகப் போர்’ ஆனது. பாக்கிக்காகக் காவல்துறை கால்நடைகளைப் பிடித்துக்கொண்டு போனது. மோதல்களில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. 1834 டிசம்பரில், கார்க் மாவட்டத்து ராத்கார்மக்கில், ஒரு விதவையின் தசமபாகப் பாக்கியை வசூலிக்க ராணுவம் போனது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். விதவைக்கு உணவளிக்க ஏற்பட்ட ஒரு சட்டத்தின் பெயரால் ஒரு விதவையின் வாசலில் ரத்தம் சிந்தியது. 1838இல் சட்டம் மாற்றப்பட்டு, தொகை கால் பங்கு குறைக்கப்பட்டு, நிலச்சொந்தக்காரர் கட்டும் கட்டணமானது. பிரான்சில் 1789ஆம் ஆண்டுப் புரட்சி தசமபாகத்தை ஒழித்திருந்தது. இங்கிலாந்தில் 1836இல் அது பணக் கட்டணமாகி, 1936ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது.

ஜெர்மனியில் அது வேறு உருவத்தில் இன்றும் தொடர்கிறது. கத்தோலிக்கராகவோ புராட்டஸ்டண்டாகவோ பதிவு செய்துகொண்டவர்களின் வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 சதவீதத்தை அரசே வசூலித்துத் திருச்சபைகளுக்குத் தருகிறது. விலக விரும்புகிறவர் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி விலகியவர்களுக்குத் திருவருட்சாதனங்கள் கிடையாது என்று கத்தோலிக்க ஆயர்கள் 2012இல் அறிவித்தார்கள். 2022இல் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் விலகினார்கள். வரி வந்துகொண்டிருந்தது, ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

காணிக்கை பேரமானபோது

அரசின் கட்டாயம் போன இடத்தில் ஆசையின் கட்டாயம் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்ற தொலைக்காட்சிப் பிரசங்கிகள், காணிக்கையை ஒரு விதை என்று போதித்தார்கள். விதைத்தால் பணமாகவும் உடல்நலமாகவும் பலமடங்கு அறுக்கலாம் என்பது போதனை. 1987இல் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை எடுத்துக்கொள்வார் என்று ராபர்ட்ஸ் நேயர்களிடம் சொன்னது உலகச் செய்தியானது. இந்தப் போதனை ஆப்பிரிக்கா, கொரியா, பிரேசில் என்று பரவித் தமிழ்ச் சபைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் பெரிய தீங்கு பணம் போவதைவிட ஆழமானது. காணிக்கை கொடுத்தும் கடன் தீரவில்லை, நோய் போகவில்லை என்றால் குற்றம் கொடுத்தவரின் விசுவாசக் குறைவு என்று சொல்லப்படுகிறது. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்ட தாய், குழந்தை குணமாகாதபோது தன்னையே பழித்துக்கொள்கிறாள். அவளுடைய கடவுள் அன்பானவராக இருப்பதை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளையாகிறார். யாக்கோபின் பொருத்தனையைத் தலைகீழாக்கிய பேரம் இது. யாக்கோபு பிழைத்து வீடு வந்தபின் தருவதாகச் சொன்னார். இவர்களோ முதலில் கட்டச் சொல்கிறார்கள்.

கணக்குக் காட்டாத செல்வமும் விசுவாசத்தை அரிக்கும். பிந்தைய நாள் புனிதர்களின் திருச்சபையான மோர்மன் சபையில், 1838இல் தொடங்கி, தசமபாகம் அடிப்படைக் கடமை; முழுமையாகக் கொடுப்பவர்களுக்கே ஆலயத்துக்குள் செல்லும் அனுமதி. அந்தச் சபையின் முதலீட்டு நிறுவனம் பெயரளவு நிறுவனங்களை வைத்துப் பங்குச் சந்தைக் கையிருப்பை மறைத்ததாக 2023இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 40 லட்சம் டாலரும் சபை 10 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. அந்தக் கையிருப்பு 2018 வாக்கில் 3,200 கோடி டாலரை எட்டியிருந்தது. கொடுக்கிறவரின் வருமானம் முழுவதும் கடவுள் முன் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் சபை, தன் கணக்கையும் திறந்து வைப்பதே நேர்மை.

பிடியரிசியும் ஏலமும்

கொடுப்பதால் விசுவாசம் வளர்ந்த வரலாறும் நிறைவாகவே இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் போட்ட காசில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்கள் போனார்கள். அசரியாவும் அங்கே போய், 1912இல் தோர்ணக்கல் ஆயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் அவர்தான். அவர் பணி செய்த மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் கூலித் தொழிலாளர்கள். ஏழைகளும் கொடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். கிறிஸ்தவக் காணிக்கை பற்றித் தனி நூலே எழுதினார். காலமெல்லாம் வாங்குகிற இடத்திலேயே வைக்கப்பட்டவர்களுக்கு, தாங்களும் கொடுக்கக் கூடியவர்கள் என்ற நிமிர்வை அது தந்தது.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது தென்னிந்தியக் கிராமச் சபைகளில் பழகிய காணிக்கை. மிசோரமில் பெண்கள் இதையே 1910 முதல் ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் செய்துவருகிறார்கள். வேளைக்கு ஒரு பிடி அளந்து சேர்ந்த அரிசி, அந்த மலைநாட்டிலிருந்து வெளியே ஊழியர்களை அனுப்பும் நிதியானது. பிடியரிசிக்குச் சதவீதம் இல்லை. அரிசி இல்லாத நாளில் அந்தப் பிடியும் இல்லை. அதற்காக யாரும் சபிக்கப்படுவதும் இல்லை.

நெல்லை, தூத்துக்குடி ஊர்களில் அறுப்பின் பண்டிகை அன்று வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் ஆலயத்துக்கு வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் தேங்காய் அங்கே பல நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்ப வைக்க, மறுபடியும் ஏலம் விழும். இல்லாதவர் கொண்டுவந்த ஒரு முட்டைக்கும் ஏலம் உண்டு. யார் என்ன கொடுத்தார், எவ்வளவு சேர்ந்தது என்பது ஊர் அறிய நடக்கிறது. உபாகமம் சொன்ன விருந்தின் மகிழ்ச்சி இங்கே மிச்சமிருக்கிறது.

மற்ற மதங்களும் இதே எல்லைகளைக் கண்டிருக்கின்றன. இஸ்லாத்தில் ஜகாத் 2.5 சதவீதம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் ஓராண்டு கையில் இருந்தால்தான் கடமை. அந்த அளவுக்குக் கீழே இருப்பவர் கொடுக்க வேண்டியதில்லை. ஏழைகளும் கடனாளிகளும் பெறுகிறவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள். மழையில் விளைந்ததில் பத்திலொன்று, நீர் இறைத்து விளைவித்ததில் இருபதிலொன்று என்று உழைப்பின் செலவையும் அது பார்க்கிறது. சீக்கியர்களின் தஸ்வந்த் என்ற பத்திலொரு பங்கு, யார் வந்தாலும் சோறு போடும் லங்கருக்கு உதவுகிறது. தர்மம் செய்கிறவர் தானே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடாதபடி, ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று யூத ரபீக்கள் வரம்பு வைத்தார்கள்.

விசுவாசம் தெரியும் இடம்

இந்த வரலாற்றிலிருந்து சில அளவுகோல்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. முதலாவது, சுதந்திரம். பயத்தினாலோ ஊர்ப் பேச்சுக்காகவோ பத்து மடங்கு திரும்பும் என்ற ஆசையினாலோ கொடுப்பதில் விசுவாசத்துக்கு வேலை இல்லை. இரண்டாவது, தகுதிக்கேற்ற அளவு. கோடீஸ்வரருக்குப் பத்திலொன்று வசதிக் குறைவுகூட இல்லை. தினக்கூலிக்காரருக்கு அது மூன்று நாள் சாப்பாடு. பத்து என்ற எண் ஒரு நல்ல பயிற்சியாக இருக்கலாம், தீர்ப்பாக இருக்கக் கூடாது. மூன்றாவது, ஏழையின் பங்கு. சபைக்கு வரும் காணிக்கையில் அந்தத் தெருவின் பசிக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கேட்க உபாகமமே உரிமை தருகிறது. நான்காவது, திறந்த கணக்கு. நெகேமியாவும் பவுலும் வைத்த சாட்சிகள் இன்றைய சபைக்கும் வேண்டும்.

இவற்றோடு, கொடுக்கிறவரின் மற்ற ஆறு நாட்களும் சேர்கின்றன. வேலையாளுக்கு நியாயமான கூலி, பெற்றோருக்கு மருந்து, வாங்கிய கடனுக்கு ஒழுங்கான தவணை ஆகியவையும் கடவுள் முன் வைக்கும் காணிக்கைகளே. இவற்றைச் செலுத்திவிட்டு உறையை வெறுமையாக வைத்திருக்கும் குடும்பத்தைச் சாபம் தொடராது. மற்றவர்கள் சுகமாக இருக்க ஒருவர் வருத்தப்பட வேண்டியதில்லை என்றும், இல்லாததைக் கடவுள் கேட்பதில்லை, இருப்பதில் மனப்பூர்வமாகக் கொடுப்பதே அங்கீகரிக்கப்படும் என்றும் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். தசமபாகம் கேட்கும் ஒவ்வொரு மேடையிலும் இந்தப் போதனையும் அதே குரலில் சொல்லப்பட வேண்டும்.